தேங்காயெண்ணெய் தடவிய பெல்ட்

போன ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், இரணியல் தாண்டி நாகர்கோவில் போகும் ரோட்டில் நடந்தது இது. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

என்னிடம் ஒரு பழைய டீசல் கார் உண்டு. அதை வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பம் நடத்தினேன். வட்டக்கோட்டை பார்க்க வருகிறவர்கள், கல்யாண மாப்பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் ஏறியிருக்கிறார்கள். ஒரு மாப்பிள்ளை பாதி வழியில் இறங்கி, கல்யாணமே வேண்டாம் என்று வயலுக்குள் ஓடினான். அவனைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனதும் இந்த வண்டிதான். இப்போது அவனுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சரி, அது வேறு கதை.

இப்போது வண்டிக்கு ஒரே சவாரிதான். என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நேரத்துக்குப் போகாவிட்டால் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு தடவை தவறினாலே அவளுக்குக் கால் வீங்கி மூச்சு முட்டும். எனக்கும் வயதாகிவிட்டது. சில நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண் சொருகும்.

அதற்குச் சில நாள் முன்பே, அந்த மழையில் ஃபேன் பெல்ட் கத்த ஆரம்பித்தது. இஞ்சினுக்கு முன்னால் இருக்கிற ஃபேன், தண்ணீர் பம்பு, டைனமோ மூன்றையும் சுற்றவைப்பது அந்த ஒற்றை ரப்பர் பெல்ட்தான். பழசாகித் தளர்ந்தால் கிறீச்சென்று அலறும். மிஷினில் கிடந்துவிட்டு வருகிறவளுக்கு ஏற்கெனவே தலைவலி, இந்தச் சத்தம் வேறு.

"இஞ்ச பாருங்க, ரெண்டு சொட்டு தேங்காயெண்ண விடுங்க. கதவு கத்தினா விடுதோம்லா?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. தலைக்கு, மூட்டுக்கு, கதவுக்கு, தையல் மிஷினுக்கு. பெல்ட்டில் எண்ணெய் படக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு இருந்த அசதியில் விரலில் தொட்டுத் தடவிவிட்டேன். சத்தம் அப்படியே நின்றது. நாகர்கோவில் கடையில் சொல்லிவைத்திருந்த புதுப் பெல்ட் வந்துவிட்டது என்று கடைக்காரர் போன் பண்ணினார். சத்தம்தான் இல்லையே, அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

அந்த நாட்களில் இன்னொரு நிம்மதியும் இருந்தது. கால் இழுக்கிறது என்று ராத்திரி முழுக்க முனகுகிறவள், கொஞ்ச நாளாகச் சத்தமில்லாமல் படுத்திருந்தாள். மருந்து பிடித்துவிட்டது என்று நானும் உறங்கினேன்.

நான் முதலில் சொன்ன அந்தக் காலையில், அவளோடு இரணியல் தாண்டியதும் ரப்பர் கருகுகிற வாடை வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது, சூடு காட்டுகிற முள் மேலே ஏறியது. ஓரம் கட்டுவதற்குள் டப்பென்று ஒரு சத்தம். பானட்டைத் திறந்தால் ஒரே ஆவி. எண்ணெயில் ஊறி, பிடிமானம் இல்லாமல் வழுக்கிச் சூடேறி, பெல்ட் நார் நாராகக் கிழிந்து கிடந்தது.

கை காட்டினேன். ஆட்டோக்கள் ஆளோடு போயின. நின்றது ஒரு மீன் டெம்போ. இனயம் கடற்கரையிலிருந்து சந்தைக்கு மீன் கொண்டுபோகிற பெண்கள் அதில் இருந்தார்கள்.

"பாட்டா, அம்மைய எங்க கொண்டு போறீரு?"

"ஆஸ்பத்திரிக்கு மக்கா. மிஷின்ல படுக்கணும். நேரம் போயிட்டு இருக்கு."

முன்சீட்டில் இருந்தவள் குதித்து இறங்கினாள். "ஏறும்மா. மீன் நாறும், மூக்கப் பொத்திக்கிடும்."

நாங்கள் சைவம். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் இவள் ஜன்னலைச் சாத்துவாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று பார்த்தேன். "இந்த ஒடம்பே நாறிப்போச்சு மக்கா, மீனு என்ன செய்யும்?" என்று சொல்லிக் கையை நீட்டினாள். அந்தப் பெண் அவளைத் தூக்கி ஏற்றி, தானும் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டாள். நான் பின்னால், மீன் நிறைந்த அலுமினியச் சருவங்களுக்கு நடுவில் ஏறினேன்.

"பாட்டா, சருவத்து மேல இருந்திராதீரும். சாளை சதஞ்சா நாங்க யாருட்ட விக்க?" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் கண்ணாடி இல்லை. முன்னால் பேசுவது எனக்குக் கேட்டது.

"வலி உண்டாம்மா?"

"உண்டு மக்கா. ராத்திரி பூரா காலு ரெண்டும் முறுக்கிப் பிடிக்கும். மிண்டாம கெடப்பேன்."

"பாட்டாட்ட சொல்லப்பிடாதா?"

"சொன்னா அவரு எழும்பியிருந்து தடவிக்கிட்டே இருப்பாரு. விடிஞ்சா வண்டி ஓட்டணும்லா. அண்ணைக்கு ஸ்டீயரிங்கப் பிடிச்சிக்கிட்டே ஒறங்கினாரு. அதான், தலையணையக் கடிச்சிக்கிட்டு கெடக்கேன்."

என் காலடியில் ஓடியது மழைத்தண்ணீரா மீன்தண்ணீரா தெரியவில்லை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேரத்துக்குப் போய்விட்டோம். கட்டில் காலியாக இருந்தது. நர்ஸ் மூக்கைச் சுளித்தாள். "இங்க உள்ள மருந்து வாடைக்கு மீனு எவ்வளவோ கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு இவள் கையை நீட்டிப் படுத்தாள். நான் டாக்டரிடம் கால் விஷயத்தைச் சொன்னேன். மிஷின் உடம்பிலிருந்து தண்ணீரை வேகமாக எடுத்தால் கால் இழுக்குமாம்; வேகத்தைக் குறைக்கச் சொன்னார்.

அவள் மிஷினில் இருந்த நேரத்தில் புதுப் பெல்ட்டை வாங்கிக்கொண்டு, வண்டி நின்ற இடத்துக்கு பஸ்ஸில் திரும்பினேன். பெல்ட் ஓடுகிற சக்கரங்களில் ஒட்டியிருந்த எண்ணெயைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தேன். டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, ஃபேன் இறக்கைகளின் மேலாக ஒவ்வொன்றாகக் கடத்தி பெல்ட்டை மாட்டினேன். கம்பி கொடுத்து டைனமோவை நெம்பி, பெல்ட் இறுகியதும் போல்ட்டை முறுக்கினேன். நடுநடுவே உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால், அரை அங்குலம் கொடுத்தது. அதுதான் கணக்கு. குளிர்ந்திருந்த ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். அவளைக் கட்டிலிலிருந்து எழுப்புகிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது.

அந்த டெம்போ இப்போதும் சில நாள் எங்களை முந்திப் போகும். "அம்மைக்கு சொகமா?" என்று கத்திக் கேட்பாள் அந்தப் பெண். இவள் கையை ஆட்டுவாள்.

பெல்ட் லேசாக முனகினாலும் இப்போது பானட்டைத் திறந்து பார்த்துவிடுகிறேன். ராத்திரி அவள் முனகினால் எழுந்து காலைப் பிடித்துவிட்டு, அப்படியே கொஞ்சம் கண்ணயர்ந்தும் விடுகிறேன். சத்தமே இல்லாத ராத்திரிகளில்தான் எனக்கு உறக்கம் வருவதில்லை.