என் நிரையின் கடைசிச் செடி

மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கையில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடிகள். தன் நிரையை முதலில் முடித்தவள், பின்தங்கியவளின் நிரையை எதிர்முனையிலிருந்து பறித்துக்கொண்டே வந்து உதவுவாள். பதினைந்து வருடம் அப்படி எதிரே போனவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், பாதி நிரையில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். இருமலில் ரத்தம் வந்தது. நிமிர்ந்தால், என்னைவிடப் பத்து வயது இளைய ராஜாத்தி என் செடிகளைப் பறித்தபடி எதிரே வருகிறாள். ரத்தத்தைப் பார்த்து வராத அழுகை அப்போது வந்தது.

சேலத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் மூச்சுக்குழாய் விரிவு நோய் (குழாய்கள் நைந்து அகன்று, சளி தேங்கிவிடுவது).

"வெளிநாட்டுல நுரையீரலையே மாத்தறாங்கம்மா. பட்டியல்ல பேர் எழுதிட்டுக் காத்திருப்பாங்க," என்றார் டாக்டர்.

"என்ற பேரையும் எழுதிக்கோங்க சார்."

"நம்ம நாட்டுல இன்னும் அந்தப் பட்டியலே இல்லைம்மா."

காத்திருக்கக்கூட ஒரு வரிசை இல்லை என்றால் எப்படி இருக்கும் என்று, இதைப் படிக்கும் உங்களில் சிலருக்குத் தெரியும்.

மிஞ்சியது மருந்தும் சளி வடிப்பும்தான் (தலை தாழப் படுக்கவைத்து, முதுகில் தட்டிச் சளியை வெளியேற்றுவது). என் கணவர் கட்டிலின் கால்பக்கம் செங்கல் வைத்து உயர்த்தினார். காலையும் மாலையும் கையைக் குவித்துத் தட்டுவார்.

"நொம்ப வலிக்குதா புள்ள?"

"வலிச்சா வலிக்கட்டுங்க. நல்லாத் தட்டுங்க. நான் பழம் பறிக்கப் போவோணும்."

எஸ்டேட்டில், உட்கார்ந்து கொட்டை பொறுக்கும் வேலைக்குப் போகச் சொன்னார்கள். முடியாது என்றேன். எனக்கு என் நிரை வேண்டும்.

அடுத்த பருவத்தில் அது கிடைத்தது. ஒரு செடி பறிப்பேன், நிற்பேன், உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை ஊதுவேன். பிறகு அடுத்த செடி. மதியம் ராஜாத்தி எதிர்முனையிலிருந்து வந்துவிட்டாள். எங்கள் நடுவே ஒரே செடி மிச்சம். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்கக்கா, இது உங்க செடிங்க. மெதுவாப் பறிங்க, நான் நிக்கறேன்."

ஒரு காலத்தில் பேச்சோடு பேச்சாகப் பறித்துவிட்டுப் போகும் செடி. அன்று அதற்கு நான்கு முறை நிற்க வேண்டியிருந்தது. இனி என் பொழுது இப்படித்தான் நகரும் என்று புரிந்தது, வருத்தமாக இல்லை. மாற்ற முடியாத இதே நுரையீரலோடுதான் பறித்தேன். கடைசிப் பழம் என் பைக்குள் விழும்வரை ராஜாத்தி கையை நீட்டவில்லை.