கிள்ளான் பஸ்ஸில் ஒரு சிவப்பு கார்டு

1992. வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. பிரிக்பீல்ட்ஸில் நான் தங்கியிருந்த ஒன்றுவிட்ட தம்பி வீட்டிலிருந்து கிள்ளானுக்குக் கிளம்பினேன். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பஸ் கட்டணம் ஒன்றரை வெள்ளி; ரிங்கிட்டை இங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.

திங்களன்று விசாவை நீட்டிக்கப் போக வேண்டியிருந்தது. காரியம் நல்லபடியாக முடியட்டும் என்று தம்பி மனைவி என் பாஸ்போர்ட்டுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, முருகன் படத்தின் காலடியில் வைத்துவிட்டாள். "திங்கக்கிழம வரைக்கும் எடுக்காதீங்க அத்தான்." சாமியிடம் கொடுத்ததைப் பாதியில் எடுப்பார்களா? நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் அஞ்சலை என்ற அம்மாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு மதுரை என்றதும் அங்கத்திச் சேலை விலையெல்லாம் விசாரித்தார்.

ஷா ஆலம் தாண்டியதும் பஸ் நின்றது.

"ரோட் பிளாக் லா," என்றார் அஞ்சலை. "பாஸ்போர்ட்ட எடுங்கண்ணே."

"வீட்டுல இருக்கு. சாமி படத்துக்கிட்ட."

"ஐயோ! கார்டு இல்லாதவன லோரில ஏத்திருவாங்கண்ணே!"

 ஜன்னல் வழியே பார்த்தேன். லாரி நிஜமாகவே நின்றது. அதில் ஏழெட்டுப் பேர் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். முருகா என்று கூப்பிடக்கூட வெட்கமாக இருந்தது, பாஸ்போர்ட்டே அவரிடம்தானே இருக்கிறது!

போலீஸ்காரர் ஏறினார். முன் சீட்டுகளில் எல்லாக் கைகளிலும் குடிமக்களுக்கான நீல அடையாள கார்டு நீண்டது. என்னிடம் வந்தபோது காட்ட ஒன்றுமில்லை. அஞ்சலைதான் மலாயில் மளமளவென்று பேசினார்: இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளி, ஊர் பார்க்க வந்தவர். போலீஸ்காரர் என் கேமராவைப் பார்த்தார், என் ஆங்கிலத்தைக் கேட்டார். இனிமேல் பாஸ்போர்ட் இல்லாமல் வெளியே வராதே என்று எச்சரித்து என்னை விட்டுவிட்டார்.

பிறகு அஞ்சலையின் கார்டை வாங்கினார். சிவப்பு கார்டு. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது. பல வருடம் பர்ஸில் கிடந்து தேய்ந்து, படத்தில் முகம் அழிந்திருந்தது. இறங்கு என்று கை காட்டினார்.

எனக்காகப் பேசியவர் சாலையோரம் வெயிலில் நிற்கிறார். நான் சீட்டில் இருக்கிறேன். டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தார். போலீஸ்காரர் வயர்லெஸ்ஸில் கார்டு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் போய்விடுமோ, அவரை அந்த லாரியில் ஏற்றிவிடுவார்களோ என்று ஜன்னல் வழியே அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக அஞ்சலை கார்டோடு ஏறி வந்தார். உதடு வறண்டிருந்தது.

"நீங்க இங்க பொறந்தவங்கதானே?" என்று கேட்டேன்.

"எஸ்டேட்லதாண்ணே பொறந்தேன். அப்பா பொறப்ப பதியாம விட்டுட்டாரு. நீல கார்டுக்குப் பத்துத் தடவ மனு போட்டாச்சு."

மதுரையில் பஸ் ஏறினால் டிக்கெட்டைத் தவிர என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. 

கிள்ளானில் இறங்கும்போது அவரே கேட்டார்: "அண்ணே, எதுக்கும் கேட்டு வச்சிக்கிறேன். ஒருநாளு என்னய அனுப்பிட்டாங்கன்னா, உங்க நாட்டுல நான் எங்க எறங்கணும்?"

விளையாட்டுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, சிரித்தபடி என் மதுரை விலாசத்தை பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்து, தெருப் பெயரைச் சரிதானா என்று கேட்டுக்கொண்டு, பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.