நம்பர் போட்ட ஊடு

"ஊட்டுக்கு ஒரு ஆளுன்னு சர்க்கார் பட்டாளத்துக்குக் கூப்புடட்டும். மொதல்ல என் பேர எழுதுங்கன்னு நெஞ்ச நிமித்தி நிப்பனுங்க!"

சித்தூர்க் கள்ளுக்கடை பெஞ்சில் ஏறி நின்று மரமேறி ஆறுச்சாமி இப்படி முழங்கியது ஐம்பத்தைந்தாம் வருஷத்து மாசியில். சில தேசங்களில் சண்டை இல்லாவிட்டாலும் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்கிறார்களாம் என்று யாரோ பேப்பர் வாசித்ததன் விளைவு. நம் தேசத்தில் அப்படிக் கூப்பிடுவார் எவருமில்லை. வீரத்துக்கு அதைவிடத் தோதான காலம் வாய்க்காது.

மூன்று வாரம் கழித்து, காக்கி நிக்கர் போட்ட இருவர் வந்து அவர் வீட்டுச் சுவரில் தாரால் 17 என்று எழுதிப் போனார்கள். கொசு மருந்து அடிக்க வீடுகளை எண்ணியவர்கள் அவர்கள். விசாரிக்க ஆறுச்சாமி கீழே இல்லை, தென்னையில் இருந்தார்.

இறங்கி வந்து பார்த்தவருக்கு வேர்த்தது. கள் இறக்கும் மரத்துக்குச் சர்க்கார் நம்பர் போடும். நம்பர் விழுந்த மரம் தப்பியதாக அவருடைய இருபது வருஷத் தொழிலில் சரித்திரமில்லை.

"மரத்துக்கு நம்பர் போட்டாக் கள்ளு, ஊட்டுக்குப் போட்டா ஆளு" என்றார் மனைவியிடம்.

"அப்பக் கெளம்புங்க. மொத ஆளு நீங்கதானுங்களே?" என்றாள் மயிலாத்தா.

"முட்டி வலிக்குது புள்ளே."

"தென்னைல ஏறறப்ப வலிக்காதாக்கும்?"

வண்டியோட்டும் தம்பி ராக்கியப்பனுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "விடுங்க மதினி, அண்ணன் சொன்னாச் சொன்னதுதான்" என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். அந்த நம்பிக்கையைக் கேட்டபின் ஆறுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை கொசு மருந்துப் பேரேட்டோடு ஒரு மலையாளத்துக் கிளார்க் வந்தார். ஆறுச்சாமியின் பயம் அதற்குள் ஊருக்குத் தெரிந்து, மாவீரரை வழியனுப்பத் தெருவே திரண்டிருந்தது. எதற்கு என்று சொல்லும் வழக்கம் சர்க்காருக்கு இல்லை.

"பதினேழாம் நம்பர். வீட்டுக்கு ஒரு பேரு போதும். வேகம் பறயு, சீக்கிரம் சொல்லு."

"சத்தமாச் சொல்லு ஆறுச்சாமி, பெஞ்சு வேணுமா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பெஞ்சு தேவைப்படவில்லை. ஆறுச்சாமி கிளார்க்கின் காதருகே குனிந்தார்.

"ராக்கியப்பனுங்க."

எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் சொந்தப் பெயர் காதில் விழுந்துவிடுகிறது. மாட்டோடு நின்ற தம்பி கயிற்றை முளையில் கட்டினான். உள்ளே போய், கல்யாணத்துக்கென்று தைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து அண்ணனுக்கு முன்னால் நின்றான்.

ஆறுச்சாமி சுவரிலிருந்த பதினேழைப் பார்த்துக்கொண்டிருந்தார்.