பஸ் ஏறாத ஐந்து பெண்கள்

முதலாம் ஆண்டு படிப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. மின்சார வேலை பழக்கும் பள்ளியில் ஒரு முதலாம் ஆண்டு. சென்னையில், ஒரு மாடிக் கட்டடத்தில் நடந்த தனியார் சினிமாக் கல்லூரியில் இன்னொரு முதலாம் ஆண்டு. விடுமுறை முடிந்து போய்ப் பார்த்தால் கல்லூரியைக் காணவில்லை, அந்த இடத்தில் கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை இருந்தது. பிறகு டென்மார்க்கில், ஓகூஸ் நகரில் ஊடகத் தொழிற்கல்வி. அதிலும் முதலாம் ஆண்டுதான். இடையிடையே மீன் தொழிற்சாலை, பண்டகசாலை, ஒரு குளிர்காலம் முழுவதும் பழைய வான் வண்டி ஒன்றுக்குள் படுக்கை. வானுக்குள் படுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. காலையில் கண்ணாடியில் படிந்த உறைபனியை உட்பக்கமாகவும் சுரண்ட வேண்டும்.

அதனால், கோப்பன்ஹேகனில் ஒரு திரைப்படப் பள்ளி, வேறிடங்களில் பாதி படித்தவர்களை நேரே இரண்டாம் ஆண்டில் சேர்க்கிறது என்று கேள்விப்பட்டபோது, யாரோ என்னை மனதில் வைத்துத்தான் இந்தச் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பாதி படித்தவர்கள் என்று தேடினால் இந்த நாட்டில் என்னைத் தாண்டி யார் போவது? இடங்கள் மிகக் குறைவு, நல்ல நல்ல பிள்ளைகள் வருடக்கணக்காக முட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றும் சொன்னார்கள். பரவாயில்லை. எனக்கு இருந்தது ஒரே பிடிவாதம்: இரண்டாம் ஆண்டு. இருபத்தொன்பது வயதில் இன்னொரு முதலாம் ஆண்டில் போய் உட்கார்ந்து, கமெராவின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கேட்க நான் தயாரில்லை.

கமெரா எனக்குத் தெரியும். அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் ஒரு வீடியோ அண்ணையிடம் சனி, ஞாயிறுகளில் வேலை செய்தேன். கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீடு, பிறந்தநாள். மண்டபத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய் லைட்டைப் போட வேண்டும். லைட் விழுந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் சோற்றை விழுங்கிவிட்டு, அசையாமல் கமெராவைப் பார்ப்பார்கள். வீடியோவிலும் போட்டோவுக்கு நிற்பது போலத்தான் இருப்பார்கள். அண்ணை எனக்குச் சொல்லித் தந்த தொழில் இரண்டே வசனம்: "ஒருத்தரையும் விடாத. ஒரு முகம் விட்டுப்போனாலும் அடுத்த கலியாணத்துக்கு அவை வராயினம்." ஒருமுறை மூலை மேசையில் இருந்த மாமி ஒருவர் விடுபட்டுப்போய், இரண்டு குடும்பங்கள் இன்னும் கதைப்பதில்லை. அது நான் எடுத்த வீடியோ அல்ல. ஆனாலும் பயம் எனக்கும் வந்துவிட்டது.

பள்ளி எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே வேலையைத் தந்தது: ஒருவர் காத்திருக்கிறார். ஒரே இடம். பேச்சு இல்லை. சில நிமிடங்கள் ஓடும் படம்.

நான் கணக்குப் போட்டேன். டெனிஷ்காரருக்குக் களைத்துப்போன வெளிநாட்டுக்காரரைப் படத்தில் பார்க்கப் பிடிக்கும். வேலை முடிந்து, வேலை உடுப்போடு, சாம்பல் நிற வானத்துக்குக் கீழே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு தமிழ்ப் பெண். முகத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது. பார்ப்பவர்களே தங்கள் துக்கத்தை அதில் போட்டுக்கொள்வார்கள். ஆளும் கையில் இருந்தார்: என் சித்தி. புரொண்பியில் இருக்கிறார், முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. எனக்கு இடமில்லாத காலங்களில் அவருடைய சோபாதான் என் முகவரி.

சித்தி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். சினிமா பார்ப்பதில்லை. நகை போடுவதில்லை. என் படிப்பைப் பற்றிச் சபையில் யார் கேட்டாலும் "கம்பியூட்டர் மாதிரி ஒண்டு" என்று சொல்லிவைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார்.

"சினிமாவோ?"

"சினிமா இல்லைச் சித்தி. பரீட்சை. நீங்கள் சும்மா பஸ் ஸ்டொப்பில நிண்டாக் காணும்."

"ஆர் பாக்கிறது?"

"பள்ளிக்கூடத்து ஆக்கள். டெனிஷ்காரர்."

"எல்லாரும் டெனிஷ்காரரோ?" சித்தியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

"ஓம். வேலை உடுப்போட வாங்கோ. தலை சீவி இழுக்க வேண்டாம். களைச்ச மாதிரி நில்லுங்கோ."

"நான் ஏன்டி களைச்ச மாதிரி நிக்கோணும்? களைச்சா வீட்டை வந்து படுப்பன். ரோட்டில நிண்டு காட்டுறதே?"

"அவைக்கு அதுதான் பிடிக்கும்."

"அவைக்குப் பிடிக்கிறது கிடக்கட்டும். உன்ர கொம்மா பாத்தா என்ன சொல்லுவா? என்ர தங்கச்சியைப் பிச்சைக்காரி மாதிரி நிப்பாட்டியிருக்கிறாய் எண்டு சொல்ல மாட்டாவே?"

நான் கெஞ்சினேன். சரி, வாறன் என்றார். வருவதாகச் சொன்னாரே தவிர, எப்படி வருவார் என்று சொல்லவில்லை.

பெப்ரவரி மாதம். அண்ணையின் கமெராவை இரவல் வாங்கிக்கொண்டு போய், சித்தியின் குடியிருப்புக்கு எதிரே இருக்கும் பஸ் தரிப்பில் முக்காலியை விரித்து நின்றேன். காற்று கடலில் இருந்து நேரே வந்தது. வானம் நான் கேட்டபடியே சாம்பலாக இருந்தது. அப்போது தெருவைக் கடந்து சித்தி வந்தார். வெள்ளைச் சேலை. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு உடுப்பது, மொடமொடவென்று அயர்ன் பண்ணியது. குளிர் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். எல்லாரும் வெள்ளைச் சேலை. எல்லாரும் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். எல்லார் தோளிலும் வேதாகமப் பை.

"சித்தி, என்ன இது?"

"இவையும் வரப்போகினமாம். வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

நால்வரில் மூத்தவர், சபையில் ஞாயிறு வகுப்பு எடுப்பவர், என் கன்னத்தைத் தட்டினார். "பயப்பிடாத பிள்ளை. கர்த்தர் உனக்கொரு கதவு திறந்திருக்கிறார். இவ்வளவு டெனிஷ்காரர் பாக்கப்போகினம் எண்டா அது சும்மாவே? இது சாட்சி சொல்லுற நேரம்."

"அன்ரி, இதில கதைக்கக் கூடாது."

"கதைக்க மாட்டம். நிண்டாலே சாட்சிதான்."

ஒருவர் என்று பள்ளி சொல்லியிருந்தது. மற்ற நால்வரையும் அனுப்பிவிட வேண்டியதுதான். டெனிஷ்காரப் பிள்ளை ஒன்று என் இடத்தில் இருந்தால் சிரித்துக்கொண்டே அனுப்பியிருக்கும். எனக்கு மூலை மேசை மாமியின் நினைவு வந்தது. இந்த நான்கு பேரில் ஒருவரை விட்டாலும் சித்தி ஞாயிற்றுக்கிழமை சபையில் தனியாகத்தான் இருக்க வேண்டி வரும். அண்ணைக்குக் கமெரா அடுத்த நாள் ஒரு சாமத்தியவீட்டுக்கு வேண்டும், அனுப்பவேண்டிய கடைசி நாளும் அதுதான். ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்திக் கமெராவை ஓடவிட்டேன்.

அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நின்றார்கள். சேலைத் தலைப்புகள் ஒரே பக்கமாகப் பறந்தன.

பஸ் வந்தது. கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை. சாரதி எட்டிப் பார்த்தார். ஞாயிறு வகுப்பு அன்ரி முன்னால் போய், பையிலிருந்து டெனிஷ் மொழியில் அச்சடித்த துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார். சாரதி அதை வாங்கினார். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். கதவு மூடியது, பஸ் போனது. அடுத்த பஸ்ஸுக்கும் அதுவேதான் நடந்தது. அந்தச் சாரதி துண்டுப்பிரசுரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க, அன்ரி வானத்தைக் காட்டினார். மூன்றாவது பஸ் நிற்கவே இல்லை. முதலாவது சாரதி ரேடியோவில் சொல்லியிருக்க வேண்டும்.

"காணும்," என்றேன்.

"வடிவா வந்ததோ?" என்றார் சித்தி. உதடு நீலமாகியிருந்தது.

"வந்தது."

வீட்டுக்குப் போய்ச் சோபாவில் இருந்து கணினியில் பார்த்தேன். தூக்கி எறியலாம் போலிருந்தது. எறிந்தால் அனுப்ப ஒன்றும் இல்லை. வெட்டி ஒட்டி அனுப்பிவிட்டு, மீன் தொழிற்சாலையில் இன்னும் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

நேர்முகத்துக்கு வரச் சொல்லி மின்னஞ்சல் வந்தது.

மூன்று பேர் இருந்தார்கள். கம்பளிச் சட்டை போட்ட வயதான ஆண் ஒருவர், தலைமயிரைக் கட்டையாக வெட்டிய, படம் இயக்கப் படிப்பிக்கும் ஆசிரியை, கமெரா படிப்பிக்கும் இளைஞர். கோப்பி தந்தார்கள். வயதானவர்தான் தொடங்கினார்.

"அந்த வெள்ளை. உங்கள் பண்பாட்டில் அது மரணத்தின் நிறம், இல்லையா?"

"அது சபைக்கு உடுக்கிற உடுப்பு."

"அவர்கள் சாரதியிடம் கொடுக்கும் கடிதம்?"

"இயேசு வருகிறார் என்று அதில் எழுதியிருக்கும்."

அவர் கோப்பியைக் கீழே வைத்தார். இளைஞர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார், தோள் குலுங்கியது.

"ஏன் அவர்கள் ஏறுவதில்லை?"

"எங்கே போவது? சித்தியின் வீடு தெருவுக்கு எதிர்ப்பக்கம்."

இப்போது மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். ஆசிரியை மட்டும் முதலில் நிறுத்தினார்.

"சேலை உடுத்தச் சொன்னது யார்?"

"சித்தி."

"ஐந்து பேர் என்று தீர்மானித்தது?"

"சித்தி. பிறகு நான் ஓம் என்றேன்."

"துண்டுப்பிரசுரம்?"

"அன்ரி."

"அப்படியென்றால் நாங்கள் சேர்க்க வேண்டியது உன் சித்தியைத்தான். நீ என்ன செய்தாய்?"

அவர் அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. எனக்கு மின்சாரப் பள்ளி, சென்னை, வான், எல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்தன. பொய் சொல்லப் பல வசனங்கள் தயாராக இருந்தன; இடையீடு, சடங்கு, குடிபெயர்வு என்று இணையத்தில் பொறுக்கியவை. அவற்றில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

"வெட்டினேன்," என்றேன். "முதல் பஸ் வரும்வரை எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பஸ் வந்த பிறகு கமெராவை மறந்துவிட்டார்கள். மறந்த பகுதியை மட்டும் வைத்தேன். சிரித்ததெல்லாம் போய்விட்டது. இரண்டு பேருடைய முகம் படத்தில் சரியாகவே இல்லை. சித்தி நன்றாகச் சிரித்திருந்தார். வெட்டினது அவருக்குத் தெரியாது. எங்களுடைய மண்டபங்களில் இதைச் செய்தால் எனக்கு வேலை போய்விடும்."

ஆசிரியை ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு மெரிட் பற்றிக் கதைத்தார்கள். மெரிட் என்றால், வேறு பள்ளியில் படித்ததை இங்கே படித்ததாக ஏற்றுக்கொள்வது. நடிகர்களோடு வேலை செய்யப் படித்தாயா? இல்லை. திரைக்கதை? சென்னையில் அது இரண்டாம் ஆண்டுப் பாடம். ஸ்டூடியோவில் ஒளி அமைப்பது? மின்சாரம் அடிக்காமல் வயர் இழுக்கத் தெரியும் என்றேன். இளைஞர் அது பெரிய விஷயம் என்றார். அவர் உண்மையாகவே சொன்னார் என்று நினைக்கிறேன்.

சில வாரங்களுக்குப் பிறகு அந்த ஆசிரியையே தொலைபேசியில் அழைத்தார். இரண்டாம் ஆண்டில் சேர்க்க முடியாது, அதற்குரிய எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் முதலாம் ஆண்டில் ஒரு இடம் தருகிறார்கள். மெரிட் கிடையாது, எல்லாம் தொடக்கத்தில் இருந்து. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கோபத்தில் நன்றிகூடச் சொல்லவில்லை.

சித்தி வேலையால் வந்து காலை நீட்டிக்கொண்டு இருந்தார். நான் சொன்னேன்.

"அப்ப பாஸோ, ஃபெயிலோ?"

"ரெண்டும்."

"என்ர சிரிச்ச முகம் அவைக்குப் பிடிச்சதே?"

"ஓம். அதைப் பற்றிக் கனக்கக் கதைச்சவை."

"நான் அப்பவே சொன்னன். களைச்ச மாதிரி நிண்டிருந்தா உனக்கு ஒண்டும் கிடைச்சிருக்காது." காலைத் தடவிக்கொண்டார். "நீ என்ன சொன்னனி?"

"முதலாம் வருசத்துக்குப் போகேலாது சித்தி. மூண்டு தரம் படிச்சிட்டன்."

"ரெண்டாம் வருசம் எத்தினை தரம் படிச்சனி?"

"ஒரு தரமும் இல்லை."

"பிறகென்னடி? தெரியாத இடத்தில போய் முழிக்கிறதுக்கே நிக்கிறாய்? முதலாம் வருசமெண்டா உனக்குத் தண்ணிபட்ட பாடு. போய் முன் வாங்கில இரு. இல்லாட்டி எப்ப சோபாவை விட்டு எழும்பப்போறாய் எண்டு சொல்லு, சித்தப்பா புதுசு வாங்கோணும் எண்டு நிக்கிறார்."

சோபாவின் ஸ்பிரிங் ஒன்று வெளியே வந்துதான் இருந்தது. பல்கனிக்குப் போய் ஆசிரியையை அழைத்து, வருகிறேன் என்றேன். நன்றியும் சொன்னேன். அவர், நீ மாட்டேன் என்று சொல்வாய் என்று பந்தயம் கட்டி மற்ற இருவரிடமும் தோற்றுவிட்டேன் என்றார்.

இப்போது முதலாம் ஆண்டில் இருக்கிறேன். முதல் வாரம் முக்காலியை எப்படி விரிப்பது என்று காட்டினார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. அவளுக்கு வராது, நான் விரித்துக் கொடுக்கிறேன். பதிலுக்கு அவள் எனக்குத் திரைக்கதை பற்றிய பாடங்களை விளங்கப்படுத்துகிறாள். அவற்றில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதை மூன்றாவது வகுப்பில்தான் நானே கண்டுபிடித்தேன். எங்கள் வகுப்புக்கு மேல் மாடியில் இரண்டாம் ஆண்டுக்காரர் இருக்கிறார்கள். கதிரை இழுக்கும் சத்தம் கேட்கிறது. அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.