வெளியே நின்றவர்

ஆபத்து வந்தால் தொழிலாளர்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஒத்திகை வைத்துச் சோதிப்பது என் வேலை. எண்ணூரில் ஒரு ரசாயன ஆலையில், அன்று சோதனைக்கு வந்தவர் ஒரு மேஸ்திரி. காலித் தொட்டிக்குள் ஆளுயரப் பொம்மையைப் படுக்க வைத்து, "உள்ளே விஷவாயு, ஒருத்தர் மயங்கிட்டார்" என்றேன். சைரனை அழுத்த வேண்டும். காற்று முகமூடி வரும்வரை யாரும் உள்ளே இறங்கக் கூடாது. மற்றவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான்.

ஆனால் அவர் முகமூடி இல்லாமலே தொட்டிக்குள் குதித்துவிட்டார். பொம்மையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர், வெகுநேரம் அதைக் கீழே இறக்கவில்லை.

"அண்ணே, நிஜ வாயுவா இருந்தா நீங்களும் போயிருப்பீங்களே" என்றேன்.

"தெரியும் மேடம். முன்னாடி வேற கம்பெனில என் தம்பி இப்டித்தான் தொட்டில வுயுந்தான். முகமூடி வர்ற வரைக்கும் ரூல்படி வெளியவே நின்னேன். அண்ணா, அண்ணான்னு கூப்டுகினே இருந்தான். முகமூடி வந்தப்போ சத்தமே இல்ல."

அன்று நீங்கள் செய்ததுதான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இனிமே எவனாவது வுயுந்தா என்னால நிக்க முடியாது. பெயில் போட்டுடுங்க" என்றார். அப்படியே செய்தேன். அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

அடுத்த முறை போனபோது, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தேன்.

"நல்லா கீறேன் மேடம். எங்கம்மாதான் இன்னும் என்னாண்ட பேசல."