திருப்பத்தில் நின்ற கட்டில்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவருமில்லை. அளவுக்காரர் என்றால்தான் தெரியும். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கிக் கொடுப்பது அவருடைய தொழில். இருபத்தாறு ஆண்டுகளாக அதைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை. வாசலில் நின்று வலக்கையை விரித்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மாற்றி மாற்றி வைத்து நிலைக்கதவின் மேல் நடக்கவிடுவார். “நாலேகால் சாண். பீரோ நாலு. போகும்” என்பார். போய்விடும். “போகாது” என்று அவர் சொல்லிவிட்டால் கூட வந்தவர்கள் கயிற்றைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள். ஒருமுறை பொறியாளர் ஒருவர் காகிதத்தில் கோடு போட்டுக் கணக்குக் காட்டித் தம் கண்ணாடி அலமாரி மாடியேறும் என்று வாதாடினார். அளவுக்காரர் கைகட்டி நின்றார். அலமாரி அன்று மாலைவரை படியில் நின்றது. பொறியாளரின் மனைவி அதுவரை மாடியிலேயே நின்றார்.

அவ்வளவு கட்டில்களைத் தூக்கியவரின் வீட்டில் கட்டில் கிடையாது. கீழே தையற்கடை, மேலே இரண்டு அறைகள், அவரும் மனைவியும் மகளும் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். “ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் உசரத்துல படுக்க வச்சுட்டு, நம்மைத் தரையில போட்டுட்டீங்க” என்று மனைவி அவ்வப்போது குத்திக்காட்டுவார். அவரும் “அடுத்த வருஷம்” என்பார். அந்த அடுத்த வருஷம் வந்தபாடில்லை.

அச்சகத்தில் நாள் முழுவதும் குனிந்து நின்று தாள் மடித்தவர் அந்த அம்மாள். ஒரு நாள் மாலை, குனிந்தவரால் நிமிர முடியவில்லை. முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பச் சில நாட்களுக்கு முன்பே மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: மூன்று வாரம் உட்காரக் கூடாது. தரையில் படுக்கவே கூடாது. ஆடாத, அகலமான, தட்டையான கட்டில் வேண்டும். மணிக்கு ஒருமுறை ஒருவர் பக்கத்தில் மண்டியிட்டு, தோளையும் இடுப்பையும் ஒருசேரப் பிடித்துப் புரட்டிவிட வேண்டும். உடம்பு முறுக்கிக்கொண்டால் செய்த சிகிச்சை வீணாகிவிடும்.

அளவுக்காரர் தச்சரிடம் போய் ஆறரை அடி நீளத்தில், ஐந்தடி அகலத்தில் கட்டில் செய்யச் சொன்னார். “திருகு போட்டா கழட்டி ஏத்தலாமே” என்றார் தச்சர். “எத்தனை திருகுக் கட்டிலைத் தூக்கியிருக்கேன். ஆறே மாசத்துல ஊஞ்சலா ஆடும். முளையடிச்சு, பசை போட்டு ஒரே கட்டா முடிங்க” என்றார் இவர். தம் வீட்டுப் படியைத் தாம் அறியாததா? இருந்தாலும் அன்று பிற்பகல் மாடியேறும்போது திருப்பத்தில் நின்று, சுவரிலிருந்து கைப்பிடிச்சுவர்வரை அளந்தார். ஒன்பது சாண். கட்டிலோ எட்டரைக்குச் சற்று மேல். போகும்.

மனைவி வீடு திரும்பும் நாளில், பிற்பகல் இரண்டரை மணிக்குக் கட்டில் வந்து இறங்கியது. நோயாளி வண்டி நான்கு மணிக்கு வரும். உடன் தூக்குவதற்கு மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, வந்திருந்தார். பேருந்து ஓட்டுபவர், நல்ல பருமன், அதைவிடப் பெரிய வாய்.

“அத்தான், இதைப் பார்த்தா கட்டில் மாதிரி தெரியல. இதுல ஒரு பஸ்ஸையே நிறுத்தலாம்.”

“பேச்சைக் குறைச்சு முட்டியை மடக்கித் தூக்குங்க, மாப்பிள்ளை. முதுகால தூக்கினா உங்க அக்கா பக்கத்துலேயே உங்களுக்கும் ஒரு இடம் ஒதுக்கணும்.”

கட்டிலை ஒருக்களித்து நிறுத்தித் தலைப்பக்கத்தை அளவுக்காரர் மேலே இழுக்க, கால்பக்கத்தை மைத்துனர் கீழிருந்து தாங்கினார். முதல் எட்டுப் படிகளைச் சிக்கலின்றிக் கடந்தார்கள். திருப்பத்துக்கு வந்ததும் அளவுக்காரர், “இப்ப வலப்பக்கம் திருப்புங்க” என்றார். கட்டில் பாதி திரும்பியது. அதற்குமேல் அசையவில்லை.

“இன்னும் கொஞ்சம்.”

“எங்கே அத்தான் கொஞ்சம்? சுவர் என் மூக்குமேல நிக்குது.”

தலைப்பக்கத்தை மேல்நோக்கி நிமிர்த்தினால் நீளம் குறையும் என்பது தொழிலில் தெரிந்த வழி. நிமிர்த்தினார்கள். மேல் முனை கூரையின் காரையைக் கீறிக்கொண்டு போய் இறுகியது. கால்பக்கத்துக் கால்கள் இரண்டும் கைப்பிடிச்சுவரின் விளிம்பில் முட்டின. கீழே இறக்கலாம் என்று பின்வாங்கினால், மேல் முனை காரைக்குள் இன்னும் ஆழமாகப் பதிந்தது. கட்டில் மேலேயும் போகாமல், கீழேயும் வராமல், படியை அடைத்துக்கொண்டு நின்றது.

அளவுக்காரர் ஒரு கையால் கட்டிலைப் பிடித்தபடி மறு கையைச் சுவரில் விரித்தார். வலக்கை. ஒன்று, இரண்டு என்று எண்ணினார். எட்டோடு சுவர் முடிந்துவிட்டது. மறுபடியும் எண்ணினார். எட்டுத்தான்.

பிறகு இடக்கையைப் பார்த்தார். நான்கு மாதங்களுக்கு முன் ஓர் இரும்புப்பெட்டி அந்தக் கையின் சுண்டுவிரலை நசுக்கியிருந்தது. விரல் தேறியது, முன்போல் முழுதாக விரியவில்லை. படியை அளந்த அன்று மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது வலக்கையில் சாப்பாட்டுக் கூடை இருந்தது. கட்டிலின் நீளத்தை வலக்கைச் சாணில் கணக்கிட்டவர், படியை இடக்கையால் அளந்திருக்கிறார். சாணுக்கு ஓர் அங்குலம் குறைந்திருக்கிறது.

“என்ன அத்தான், பேச்சையே காணோம்?”

“தப்பு என்னுது” என்றார் அளவுக்காரர். அந்தச் சொற்களை அவர் வாயிலிருந்து மைத்துனர் அதற்குமுன் கேட்டதில்லை. அதனால் கேலி செய்ய மறந்துபோனார்.

அப்போது சட்டைப்பையில் தொலைபேசி ஒலித்தது. மகள். “அப்பா, கிளம்பிட்டோம். அம்மாவுக்கு வலி ஊசி போட்டிருக்காங்க. அஞ்சு மணி வரைக்கும்தான் தாங்குமாம். அதுக்குள்ள கட்டில்ல படுக்க வச்சுடணும்னு சொன்னாங்க. கட்டில் ஏறிடுச்சா?”

“வாங்கம்மா. மெதுவா வாங்க” என்றார். ஏறிவிட்டது என்று மட்டும் சொல்லவில்லை.

கீழே தையற்காரர் கடையை விட்டு வெளியே வந்து, கழுத்தில் அளவுநாடா தொங்க அண்ணாந்து பார்த்தார். “அண்ணே, இன்னிக்கு அண்ணியை என் கடையில படுக்க வைங்களேன். வெட்டுற மேசையை ஒழிச்சுத் தர்றேன்.”

“மேசை ரெண்டடி அகலம். புரட்டினா கீழே விழுந்துடுவா.”

“அப்ப கைப்பிடிச்சுவரை இடிச்சிடலாமா?” என்றார் மைத்துனர்.

“அது உள்ளே கம்பி வச்சுக் கட்டினது. சாயந்திரம் வரைக்கும் இடிச்சாலும் முடியாது.”

மணி மூன்று நாற்பது. கட்டிலின் முழுப் பாரமும் மைத்துனரின் தோளில் இருந்தது. அவருடைய கழுத்து நரம்பு புடைத்துத் துடிப்பது மேலிருந்தே தெரிந்தது. அளவுக்காரர் முட்டுகிற இரண்டு கால்களையும் பார்த்தார். பிறர் சாமானில் ஒரு கீறல்கூட விழாமல் தொழில் செய்தவர் அவர். வெட்டி ஏற்றுகிறவன் தூக்குகிறவனே இல்லை என்று கூட்டாளிகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சொன்னவர் மாடிக்கு ஓடிப்போய், பெட்டிகளுக்குப் பலகை அறுக்கும் ரம்பத்தை எடுத்து வந்தார்.

“அத்தான், புதுக் கட்டில்!”

“தோளை மட்டும் எடுத்துடாதீங்க, மாப்பிள்ளை.”

கட்டிலுக்கும் படிக்கும் இடையிலிருந்த சந்தில் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்து, கீழ்ப்பக்கம் வந்து சேர்ந்தார். சட்டத்தை ஒட்டி முதற்காலில் ரம்பத்தை வைத்தார். கை ஒரு கணம் நின்றது. பிறகு இழுத்தார். மரம் நல்ல மரம், எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. மரத்தூள் மைத்துனரின் கண்ணில் விழுந்தது. அவர் துடைக்க வழியில்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “சீக்கிரம், சீக்கிரம்” என்று பல்லைக் கடித்தார்.

முதற்கால் துண்டாகி விழுந்ததும் கட்டில் ஒரு குலுக்குக் குலுக்கி ஒரு சாண் இறங்கியது. மைத்துனரின் முட்டி படியில் மோதியது. “அம்மா!” என்று அலறினாரே தவிர, தோளை எடுக்கவில்லை. தையற்காரர் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து அடியில் முட்டுக்கொடுத்தார்.

தெருவில் வண்டியின் ஒலிப்பான் கேட்டது. ஒருமுறை, சற்றுப் பொறுத்து மறுமுறை.

“அப்பா!” என்று மகள் வாசலிலிருந்து கூப்பிட்டாள். படியை நிமிர்ந்து பார்த்தவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வண்டியோட்டி வந்து நின்றார். “இன்னொரு நோயாளி காத்திருக்காங்க. அரை மணிக்கு மேல நிக்க முடியாதுங்க.”

அளவுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது காலில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து பிடி வழுக்கியது. தையற்காரரின் தோளில் கிடந்த துணியை இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டு மேலும் அறுத்தார். கால் முறிந்து உருண்டு, எட்டுப் படிகளிலும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு கீழே போய், வண்டியோட்டியின் காலடியில் நின்றது.

மறுபடியும் சந்தில் நுழைந்து மேலே போனார். “இப்பத் தள்ளுங்க. முதல்ல கீழே, அப்புறம் வலப்பக்கம். அவசரப்படாதீங்க.” காரை பொலபொலவென்று உதிர்ந்தது. கட்டில் முனகியது; விளிம்பை உரசியது; திரும்பியது. மீதி ஏழு படிகளையும் மூன்று பேரும் மூச்சுவிடாமல் கடந்தார்கள்.

அறையில் நிறுத்தியபோது தலைப்பக்கம் உயர்ந்தும் கால்பக்கம் தரையில் படிந்தும் அது சறுக்குமரம்போல் கிடந்தது. அளவுக்காரர் மூலையிலிருந்த தகரப்பெட்டியை இழுத்தார். பழைய இரும்புச் சாமான்களும் கயிறுகளும் அடைத்த பெட்டி, பாரத்துக்குக் குறைவில்லை. மைத்துனர் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, அதைக் கால்பக்கச் சட்டத்துக்கு அடியில் தள்ளினார். இன்னும் சாய்வு இருந்தது. அளக்கக் கையை விரித்தார்.

“அண்ணே, கையெல்லாம் வேண்டாம். இந்தாங்க” என்று தையற்காரர் கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றிக் கொடுத்தார்.

வாங்கி அளந்தார். ஒன்றரை அங்குலம் குறைந்தது. தையற்காரர் ஓடிப்போய் இஸ்திரிப் பலகையைக் கொண்டுவந்தார். பலகை சட்டத்துக்கும் பெட்டிக்கும் இடையில் இறுக்கமாகப் பொருந்தியது. அளவுக்காரர் மெத்தையை விரித்து, நான்கு மூலைகளிலும் முழங்கையை ஊன்றி அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. இருந்தும், அறுபட்ட மரத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

மணி நான்கு இருபத்தைந்து. தூக்குப்படுக்கையில் அந்த அம்மாளைக் கட்டி, திருப்பத்தில் செங்குத்தாக நிமிர்த்தித் தூக்கி வந்தார்கள். கண்கள் மூடியிருந்தன, உதடுகள் வெளுத்திருந்தன. விரிப்போடு சேர்த்துக் கட்டிலுக்கு நகர்த்தினார்கள். மைத்துனர் மட்டும் தரையில் உட்கார்ந்து தகரப்பெட்டியை இரு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்தார்.

“ஆடுதா?” என்று கேட்டார் அளவுக்காரர்.

 அம்மாள் வலி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஆடல” என்றார் பிறகு. கண்ணைத் திறந்தவர் கட்டிலின் காலடிப் பக்கத்தை நோக்கினார். “என்னங்க, தம்பி ஏன் தரையில உட்கார்ந்து பெட்டியைக் கொஞ்சுறான்?”

“கட்டிலுக்கு ரெண்டு கால் குறையுதுக்கா” என்றார் மைத்துனர். “அந்தக் கணக்குல நானும் ஒரு காலு.”

“நான்தான் அறுத்தேன்” என்றார் அளவுக்காரர். “படியைத் தப்பா அளந்துட்டேன்.”

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். துணி சுற்றிய கையையும், முடியெல்லாம் படிந்திருந்த மரத்தூளையும் பார்த்தார்.

வண்டி போயிற்று, தையற்காரரும் இறங்கிப் போனார். ஐந்தரை மணிக்கு முதல்முறையாகப் புரட்ட வேண்டியிருந்தது. ஊசியின் வேகம் அதற்குள் அடங்கிவிட்டிருந்தது. அளவுக்காரர் மனைவிக்குப் பக்கத்தில் கட்டிலின்மேல் மண்டியிட்டார். தம் பாரமும் சேர்ந்ததும் சட்டம் ஒருமுறை கிரீச்சிட்டது. அப்படியே உறைந்துபோனார். மைத்துனர் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு ஒலி எழவில்லை.

ஒரு கையைத் தோளுக்கும் மறு கையை இடுப்புக்கும் கொடுத்து, ஒரே கட்டாக, மெதுவாக, அங்குலம் அங்குலமாகப் புரட்டினார். அம்மாளின் நெற்றி சுருங்கியது, விரல்கள் விரிப்பைப் பற்றின, பிறகு விட்டன. முதுகு வளையாமல் பக்கவாட்டில் வந்து அமைந்தது. கட்டில் அசையவில்லை.

சற்றுப் பொறுத்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்த அம்மாள் கேட்டார்: “நீங்க ஏன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க? வலி எனக்குத்தானே?”

அளவுக்காரர் மூச்சை விட்டார்.

“அக்கா, நான் பெட்டியை விட்டுடலாமா?” என்று கீழிருந்து குரல் வந்தது.

“இருடா. ஆறரைக்கு அந்தப் பக்கம் திரும்பணும்.”