குடைக்கிழவருக்கு ஒரு பூசை

அகஸ்ரின் என்ற பெயரைப் புனிதவதி முதன்முதலில் கேட்டது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த வெக்ஸ்போர்ட் வீட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றபோது. வீட்டின் நிலத்தடிப் பேஸ்மன்ற்றுக்கு வாடகைக்கு ஆள் பார்த்துவிட்டு வந்த கணவர் செல்வரட்ணம் சப்பாத்தைக் கழற்ற முதலே சொன்னார்:

"அகஸ்ரின் எண்டு ஒராள் வாறார். பேசாலைப் பக்கம், தாய்வழி நாரந்தனையாம். தங்கமான மனுசன். ஆனா ஆரும் பகிடி பண்ணிச் சிரிச்சால் பெட்டியைக் கட்டிப்போடுவார். உப்பிடியே ரண்டு வீடு மாறியிட்டார்."

"நான் ஏனப்பா சிரிக்கப்போறன்? சிரிச்சே எவ்வளவு காலம்!"

அகஸ்ரினுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. தனிக்கட்டை. பேக்கரியில் தட்டுக் கழுவுகிற வேலை. போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு மட்டும் கீழேயிருந்து மெல்லிய வாத்திய ஓசை படியேறி வரும். ஒருநாள் உடுப்புத் தோய்க்க இறங்கிய புனிதவதி, கூடையை இடுப்பில் வைத்தபடியே நின்றுவிட்டாள்.

ரீவியில் ஓர் இங்கிலாந்துக் கிராமம். மடிப்பு மடிப்பாகப் பச்சை மலைகள், கல் அடுக்கிய மதில்கள், வெயிலா மழையா என்று இன்னும் முடிவெடுக்காத வானம். நாலைந்து கிழவர்கள் அந்த மலையில் கதைத்துக்கொண்டே ஏறி, கதைத்துக்கொண்டே இறங்கினார்கள். அதில் ஒருவர் வெயிலிலும் குடை பிடிப்பவர். இருபது வருசத்துக்கு மேல் ஓடுகிற பகிடி நாடகமாம். கதை இருவருக்கும் பாதிதான் விளங்கியது.

"உந்தச் சனம் வேலைக்குப் போறேல்லையோ அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி. அங்க ஒருத்தருக்கும் அவசரமில்லை."

அன்றிலிருந்து சனி தவறாமல் கடைசிப் படியில் வந்து குந்திக்கொள்வாள். வேலைக்குப் போகிற பஸ்ஸில் கண்ணயர்ந்தால், கல்மதிலோரம் தானும் நடப்பாள். செம்மறிகள் விலகி வழிவிடும். முன்னே ஒரு குடை ஆடி ஆடிப் போகும். இறங்குகிற தரிப்பைத் தவறவிட்டது ஒரு தடவையா, இரண்டு தடவையா!

தொண்ணூற்றாறில் ஒரு சனி, நாடகம் தொடங்க முன்னர், குடைக்கிழவராக நடித்தவர் இறந்துவிட்டார் என்று ரீவியில் சொன்னார்கள். அடுத்த சனி காலை அகஸ்ரின், இறந்தவருக்காக மன்றாடச் சொல்லித் தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார். வெள்ளைக்காரப் பெயரைச் சுவாமி தடக்கித் தடக்கி வாசித்தார். உங்கட ஆர் என்று கேட்டவர்களுக்கு, "எனக்கு வேண்டியவர்" என்றார்.

அது போதாதா? செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதே என்று, பின்னேரமே பிக்கரிங்கில் இருந்து பூசைக்கு வருகிற மரியரட்ணமும் மனைவி அன்ரனெற்றும் இன்னும் ஐந்தாறு பேரும் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்போடு வந்திறங்கினார்கள். அகஸ்ரின் உண்மையைச் சொல்லாமல் கீழே கதிரைகளை இழுத்துப் போட்டார். புனிதவதிக்குச் செல்வரட்ணம் சொன்னது நினைவுக்கு வந்தது. இவர்கள் சிரித்தால் மனுசன் பெட்டியைக் கட்டுவார். அந்த மலையும் அவரோடு போய்விடும்.

ஏழு மணி. ரீவி தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பழைய பாகம் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். குடைக்கிழவர் சரிவில் ஓடிவந்து, விரித்த குடையோடு ஓடைக்குள் விழுந்து எழும்பினார்.

அகஸ்ரின் தன்னை மறந்து துள்ளி எழுந்தார். "இவர்தான்!"

வந்தவர்கள் எல்லோரும் ரீவிப் பக்கம் திரும்பினார்கள்.

"உவரோ செத்தது?" என்றார் மரியரட்ணம்.

அகஸ்ரினின் கண் கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டிக்குப் போனது. புனிதவதி முந்திக்கொண்டாள்.

"ஓம், உவர்தான். மூண்டு வருசமாச் சனிக்குச் சனி இந்த வீட்டுக்கு வந்த மனுசன். வேற ஆர் வந்தனீங்கள்?"

மரியரட்ணம் தலையைச் சொறிந்தார். "அப்ப சுவாமியின்ர பூசை பலிச்சிட்டுது, அண்ணை. காலமை கேட்டம், பின்னேரம் ஆளை எழுப்பி நனைச்சும் போட்டார்!"

முதலில் சிரித்தது அகஸ்ரின்தான். தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். பிறகுதான் மற்றவர்களுக்குத் துணிவு வந்தது. பருப்பும் சோறும் மடியில் வைத்துக்கொண்டு முழுப் பாகமும் பார்த்தார்கள். அடுத்த சனியும் வந்தார்கள், சாட்டுச் சொல்லாமலே.

தொண்ணூற்றொன்பதில் புனிதவதி குடும்பம் ஸ்ரௌவ்விலில் வீடு வாங்கியது. அங்கே பஸ் இல்லை, அகஸ்ரினுக்குக் கார் ஓடத் தெரியாது. மரியரட்ணம் வந்து அந்தப் பெட்டியையும் ரீவியையும் ஏற்றிக்கொண்டு போனார்.

அகஸ்ரின் இப்போது பிக்கரிங்கில், மரியரட்ணத்தின் வீட்டு பேஸ்மன்ற்றில் இருக்கிறார்.